வெடிப்பில் இருந்தது மிளகாய்த்தூள்

போன மாதம் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் வேலை செய்யும் கவுன்சிலில் இது வருடம் ஒருமுறை வரும் சடங்கு. எல்லா மனிதரையும் சமமாக மதிப்பது எப்படி என்று ஐந்து மணித்தியாலம் சொல்லித் தருவார்கள், நடுவில் முட்டை சான்ட்விச் கொடுப்பார்கள், கடைசியில் ஒரு படிவத்தை, எங்கள் பேச்சில் பாரத்தை, நிரப்பச் சொல்வார்கள். இந்த முறை தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். நான் வழக்கம்போல அரைமணி முந்திப் போய்விட்டேன். குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு முன்னால் வரிசையில் நின்று பழகிய கால்கள் இவை. பிந்திப் போனால் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவற்றுக்கு இன்னும் ஒரு எண்ணம்.

கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்தில் சும்மா உலாத்தினேன். சுவரோரமாக ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு மரக்கிண்ணம். இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கும் அளவு. தேன் நிறம். உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். விளிம்பில் ஒரு துண்டு இல்லை, யாரோ கடித்தெடுத்த பிஸ்கட் மாதிரி. அந்த இடத்திலிருந்து ஒரு வெடிப்பு கீழே இறங்கி, மூன்றாகப் பிரிந்து, அடிப்பக்கம் போகிறது. வெடிப்பை நிரப்பியிருந்த பொருள் கருஞ்சிவப்பு.

இது குலம் அண்ணையின் கிண்ணம். இந்த உலகத்தில் இல்லவே இல்லை என்று ஒரு குடும்பம் இருபத்திரண்டு வருடம் சிரித்த கிண்ணம்.

பக்கத்தில் ஒரு அட்டை. அதில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன், ஆத்திரத்தில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. தலைப்பு 'காயப்பட்ட மரம்'. கீழே: 'வட இலங்கையின் பாரம்பரிய மரச் சிற்பி ஒருவர், அகதியாக லண்டன் வந்து செய்தது. நோயுற்ற மரத்தின் கழலையில் அவர் தம் சிதைந்த வாழ்வைக் கண்டார். வெடிப்புகளைத் தாம் இழந்த கிராமத்தின் செம்மண்ணால் நிரப்பினார். செய்தவரின் அன்பளிப்பு.'

நீங்களே சொல்லுங்கள், ஒரு சின்ன அட்டையில் இதைவிடக் கூடுதலாகப் பொய்யை அடைக்க யாருக்காவது முடியுமா? குலம் அண்ணை சிற்பி இல்லை. சங்கக்கடை மனேச்சர். பன்னிரண்டு வருடம் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் கூப்பனுக்கு அளந்து கொடுத்தவர். லண்டன் வரும்வரை உளி பிடித்ததில்லை. சிதைந்த வாழ்வை மரத்தில் காண்கிற ஆளும் இல்லை அவர். மரத்தில் மரத்தைத்தான் கண்டார். அந்தச் சிவப்பு செம்மண்ணும் இல்லை. அவருடைய ஊரில் செம்மண்ணே கிடையாது, கடற்கரை வெள்ளை மணல்! எல்லாவற்றையும் விட, அந்த மனிதனுக்கு ஒரு பெயர் இருந்தது. குலசிங்கம். அதைப் போட அட்டையில் இடம் இல்லை, பொய்க்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

அன்று மனிதரைச் சமமாக மதிப்பது பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டேன்.

கால் நூற்றாண்டுக்கு முன், கிண்ணம் செய்த காலத்தில், நாங்கள் தென் லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். மூன்று அறை, ஏழு பேர். குலம் அண்ணையும் நானும் ஒரு அறை. எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். அந்த அறையில் எங்களுடைய சொந்தப் பொருள் என்று ஒன்றும் கிடையாது. கட்டில் ஒரு தேவாலயம் தந்தது. போர்வை இன்னொரு தேவாலயம். மேசைக்கு ஒரு கால் குட்டை, அதுவும் யாரோ மனமிரங்கித் தந்தது. தேத்தண்ணி குடிக்கும் கோப்பையில் யாரோ ஒரு இங்கிலிஷ்காரரின் ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருக்கும். குலம் அண்ணை அதைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். "இந்த மனுசனுக்கு இப்ப எத்தினை வயசு இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டார்.

அவருக்கு அந்த வருடம்தான் அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது. மனைவி யோகக்காவைக் கூப்பிடும் அலுவல்கள் நடந்துகொண்டிருந்தன. அவரை வாட்டிய கவலை ஒன்று. "யோகம் வந்து இறங்கி இந்த அறைக்குள்ளை பாக்கேக்கை, இது எங்கடை எண்டு காட்ட ஒரு சாமான் வேணுமெல்லே. எல்லாம் ஆரோ தந்ததெண்டா, அவளும் ஆரோ தந்த மாதிரி இருக்கும்." இதை அவர் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. கலியாணம் கட்டின பிறகுதான் விளங்கியது.

எங்கள் தெருவில் பெரிய பிளேன் மரங்கள் நிற்கும். லண்டன் முழுக்க நிற்கும் மரம்தான், பட்டை செதில் செதிலாக உரியும். எங்கள் வாசலுக்கு நேரே நின்றதில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு கழலை புடைத்துக்கொண்டிருந்தது, பெரிய பூசணிக்காய் அளவு. ஒருநாள் காலை கவுன்சில் ஆட்கள் வாளோடு வந்து அந்த மரத்தைத் தறித்தார்கள். வேர் நடைபாதையைக் கிளப்புகிறதாம். நூறு வருடம் நின்ற மரம், மத்தியானத்துக்கு முன் இல்லை. (இன்று நான் அதே மாதிரி ஒரு கவுன்சிலில் சம்பளம் வாங்குகிறேன் என்பது உங்களுக்கு நினைவு வந்திருக்கும். எனக்கும் வருகிறது.) கிளைகளை அரைக்கிற மிஷினுக்குள் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கழலையையும் உருட்டிக்கொண்டு போனார்கள். குலம் அண்ணை கீழே ஓடிப்போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "கேள் தம்பி, இதைத் தருவினமோ எண்டு." தந்தார்கள். குளிருக்கு எரிக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அதைத் தூக்க முடியவில்லை. ஈர மரம் என்ன பாரம் என்று தூக்கியவருக்குத்தான் தெரியும். வீட்டு நடையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குழந்தைத் தள்ளுவண்டி கிடந்தது, அதுவும் தானம்தான். கழலையை அதில் இருத்தி, மழை படாமல் போர்வையால் மூடி, இரண்டு ஆம்பிளைகள் ஹை ரோட்டால் தள்ளிக்கொண்டு போனோம். பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவி குனிந்து குழந்தையைப் பார்த்தாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தாள். தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் போனது ஒரு தேவாலய மண்டபத்தின் நிலவறைக்கு. அகதிகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் அங்கே வாரம் இரண்டு நாள் பட்டறை நடத்தியது. தையல் மிஷின் இரண்டு, மரம் கடையும் லேத் மிஷின் ஒன்று. லேத்தைப் பார்த்துக்கொண்டவர் கென் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவர் கழலையைத் தட்டிப் பார்த்தார், இரண்டு பக்கமும் காது வைத்தார், சைத்தான் பிடித்த மரம் என்று தலையை ஆட்டினார். ஒரு பக்கம் உளுத்திருக்கிறதாம். உள்ளே மரப்பட்டை மடிந்து புகுந்திருக்கிறதாம். கழலை மரத்தில் இழை ஒரு பக்கமாக ஓடாது, எந்தப் பக்கம் உளி வைத்தாலும் எதிர்க்குமாம். சுழலவிட்டால் துண்டு துண்டாகப் பறக்கும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். குலம் அண்ணை யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மெல்லமாச் சுத்தச் சொல்லு. எனக்கு அவசரமில்லை."

அவ்வளவுதான் அவருடைய சிற்ப சாஸ்திரம். மெல்லமாகச் சுற்றினார். ஒரு நாளில் ஒரு விரல் கனம் சீவினார். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் லேத்தை நிறுத்தி, சுற்றிவர விரலால் தடவி, எங்கே ஆடுகிறது என்று பார்த்தார். ஆடுகிற இடத்தில் தண்ணீர் மாதிரி ஓடுகிற பசையைச் சொட்டுவிட்டுக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சங்கக்கடையில் தராசு முள் நிற்கும்வரை நின்ற நிலைதான் அது. மூன்றாம் வாரம் ஒரு துண்டு பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. விளிம்பில் நீங்கள் கண்ட, அதாவது நான் கண்ட, அந்தக் கடி அப்போது வந்ததுதான். நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். அண்ணை நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, "போனது போகட்டும், மிச்சத்தைக் கட்டுவம்" என்று பார்சல் கட்டும் டேப்பை எடுத்து வெளிப்பக்கம் முழுக்கச் சுற்றினார். காயத்துக்குக் கட்டுப் போட்ட பிள்ளை மாதிரி அது சுற்ற, உள்ளே குடைந்தார்.

குடையும்போது வந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஊறின வைக்கோலும் கொஞ்சம் புளிப்பும். வீட்டுக்குப் போனாலும் அவருடைய சுவெட்டரில் அது இருக்கும்.

முதற்கடைசல் முடிந்ததும் இரண்டு விரல் தடிப்பில் ஒரு கரடுமுரடான சட்டி கிடைத்தது. அதை உடனே மெல்லிதாக்கினால் காயும்போது பிளந்துவிடும். ஆகவே அதன் சீவல்களோடே ஒரு பிரவுண் பேப்பர் பையில் கட்டி, கட்டிலுக்குக் கீழே வைக்க வேண்டும். ஈரம் வற்றிப் பாரம் குறைவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பாரம் பார்க்க எங்களிடம் தராசு ஏது? நான் பின்னேரங்களில் உதவிக்கு நின்ற தமிழ்க்கடையில் மரக்கறி நிறுக்கும் தராசு இருந்தது. வெள்ளிதோறும் அண்ணை பையோடு வருவார். கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் கிண்ணம் ஏறும். தமிழ்நாட்டு டாக்டர் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "இது என்ன கிழங்குங்க? புதுசா வந்திருக்கா?" என்று கேட்டார். அண்ணை கொஞ்சமும் சிரிக்காமல், "ஓம் அம்மா, ஆனா அவிய நாள் எடுக்கும்" என்றார்.

அந்தப் பாரத்தை அவர் ஒவ்வொரு வாரமும் யோகக்காவுக்குக் கடிதத்தில் எழுதினார். பாவம் அந்த மனிசி. விசா எப்போது வரும் என்று கேட்டு எழுதுவா, பதிலில் கிண்ணம் இருபது கிராம் குறைந்திருக்கிறது என்று வரும். 'நீர் வரேக்கை மேசையிலை உம்மடை கிண்ணத்திலை பழம் இருக்கும்' என்று ஒவ்வொரு கடிதமும் முடியும். எனக்குத் தெரியும், ஏனென்றால் எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டுவார்.

அடுத்த சித்திரைக்குக் கிட்ட பாரம் நின்றது. காய்ந்ததில் வெடிப்பு மூன்றாகப் பிரிந்து ஓடியிருந்தது. கடைசிக் கடைசலுக்கு முன் வெடிப்பை நிரப்பியாக வேண்டும். பசையும் கோப்பித்தூளும் குழைத்து நிரப்பச் சொன்னார் கென். குலம் அண்ணைக்குக் கோப்பித்தூள் பிடிக்கவில்லை, "கரி பிடிச்ச சட்டி மாதிரி இருக்கும்" என்றார். அடுத்த நாள் சட்டைப் பைக்குள் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். யோகக்கா வறுத்து இடித்து, லண்டன் வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள். நல்ல கருஞ்சிவப்பு. பொட்டலத்தைத் திறந்ததும் நிலவறை முழுக்க ஒரு சமையலறை ஆனது. பசையில் குழைத்து ஒரு பழைய கத்தியால் பூசிப் பூசி நிரப்பினார். உள்ளே போனது கொஞ்சம், கீழே கொட்டியது கூடுதல். அழகாகத்தான் இருந்தது.

சாண்ட் பேப்பர் பிடிக்கும்வரை. லேத்தைச் சுழலவிட்டு வெடிப்பின் மேல் சாண்ட் பேப்பரை வைத்தார் பாருங்கள், சூட்டில் மிளகாய்த்தூள் புகையாகக் கிளம்பியது. நிலவறையில் ஒரு சின்ன ஜன்னல்தான். கென் கண்ணைப் பொத்திக்கொண்டு படியைத் தேடினார். தையல் மிஷினில் இருந்த சோமாலியப் பெண்கள் தும்மிக்கொண்டு ஓடினார்கள். மேலே யோகாசனம் செய்துகொண்டிருந்தவர்கள் பாயோடு தெருவுக்கு வந்தார்கள். யாரோ விஷவாயு என்று கத்தினார்கள். நிறுவனத்தின் பொறுப்பாளர் கரோலைன் கண்ணீர் ஒழுக எங்களிடம் வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். நாங்கள் இருவரும் ஒன்றும் தெரியாது என்று தலையை ஆட்டினோம். இன்னும் முடிவாகாத என் அகதி விண்ணப்பத்தில் இது எழுதப்படும் என்று எனக்குப் பயம். சிரிக்காதீர்கள், அந்த நாட்களில் பஸ்ஸில் காலைத் தூக்கி ஸீட்டில் வைத்தாலும் குரோய்டனுக்குத் தெரிந்துவிடும் என்று நினைப்போம்.

கரோலைன் நல்லவள். அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். கெட்டவர்கள் எடுத்துக்கொண்டு போனால் சண்டை பிடிக்கலாம். கிண்ணம் எண்ணெய் பூசி முடிந்த அன்று அவள் அதைக் கையில் வாங்கி வெடிப்பை விரலால் தடவினாள். அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டாள். நான் அண்ணையைப் பார்த்தேன். "ஊரிலை இருந்து வந்தது எண்டு சொல்லு" என்றார். மிளகாய்த்தூள் என்றால் விஷவாயு வழக்கு வெளியில் வந்துவிடுமே. ஊரிலிருந்து வந்தது என்று மட்டும் சொன்னேன். கரோலைன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அட்டையின் செம்மண் பொய் அங்கேதான் விளைந்திருக்க வேண்டும். அதற்கு நான் தண்ணீர் ஊற்றினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் விசாரிக்காமல் அறுவடை செய்தது அவர்கள்.

ஒரு வாரக் கண்காட்சிக்கு வேண்டும் என்று கேட்டாள். லைப்ரரியில் வைப்பார்களாம். அண்ணைக்கு மனமே இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே ஒருவர் கேட்க, அதுவும் லேத் தந்தவர் கேட்க, இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கு வரும்? "ஓகே, ஓகே, நோ புரொப்ளம்" என்றார். மூன்று பக்கப் பாரம் ஒன்றை நீட்டினாள். சங்கக்கடை மனேச்சர் வாசிக்காத கடதாசியில் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் அவருடைய இங்கிலிஷ் மெல்லத்தான் போகும். பாரத்தை என்னிடம் தந்தார்.

"வாசிச்சனியோ?"

"ஓம் அண்ணை. சும்மா வழமையான பாரம். போடுங்கோ."

நான் முதற் பக்கத்தில் அரைவாசிதான் பார்த்திருந்தேன். கடைக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த நாட்களில் நாங்கள் கையெழுத்துப் போட்ட பாரங்களை அடுக்கினால் அந்த மேசையின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கலாம். போடாமல் விடுவதுதான் ஆபத்து என்று நினைத்த காலம். இன்று நான் கவுன்சிலில் செய்யும் வேலை என்ன தெரியுமா? சனங்கள் நிரப்பிய பாரங்களைச் சரிபார்ப்பது.

கண்காட்சி முடிந்த வெள்ளிக்கிழமை கிண்ணத்தை எடுக்கப் போனோம். ஞாயிறு யோகக்கா வந்து இறங்குகிறா. அண்ணை பழம்கூட வாங்கிவிட்டார், தோடம்பழமும் கதலி மாதிரிச் சின்ன வாழைப்பழமும். கரோலைன் சந்தோஷமாக வந்து சொன்னாள், கிண்ணம் வேறு நகரங்களுக்குப் போய்விட்டதாம், எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்! எப்போது திரும்பி வரும் என்று நான் கேட்டேன். அவள் முகம் மாறியது. பாரத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். நிறுவனத்தின் சேகரிப்புக்கு நிரந்தர அன்பளிப்பு என்று இருந்தது. அண்ணை விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, அந்த வசனத்தை வாசித்தார். எனக்கு இங்கிலிஷில் சண்டை பிடிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் என்ன சொல்லி? அவர் வாசித்து முடித்து என்னை ஒருமுறை பார்த்தார். "சரி, வா போவம்" என்றார். அதன் பிறகு அந்தப் பாரத்தைப் பற்றி என்னிடம் அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

நாங்கள் கடிதம் எழுதினோம், பதில் இல்லை. அடுத்த வருடம் பட்டறை மூடினார்கள். நிறுவனம் இன்னொன்றோடு சேர்ந்தது, அது வேறொன்றோடு சேர்ந்தது. தொலைபேசி இலக்கம் செத்துப்போனது. அகதியின் பொருளை வாங்க இத்தனை கை நீளும், திருப்பிக் கேட்டால் ஒரு கதவும் இருக்காது.

யோகக்கா வந்த மூன்றாம் நாள் அறையில் புட்டும் மீன் குழம்பும் சமைத்து, வீட்டில் இருந்த ஏழு பேரையும் கூப்பிட்டா. குட்டைக் கால் மேசையில் பழம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டா: "எங்கை அந்தப் பெரிய கிண்ணம்? ஒரு வருசமாக் கிராம் கணக்கிலை எழுதினீங்கள்?" கண்காட்சிக்குப் போய்விட்டது என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள், கட்டிலுக்குக் கீழே கிடந்த பையை அவர்களில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. லண்டனில் இருந்து ஆம்பிளைகள் எழுதுகிற கடிதங்களின் இலட்சணம் எல்லோருக்கும் தெரியும்: இல்லாத வேலை, இல்லாத வீடு, இல்லாத கார். யோகக்கா சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பினா.

"மெய்யே தம்பி? நீ கூட இருந்தனிதானே. அப்பிடி ஒரு கிண்ணம் இருந்ததோ?"

இருந்தது என்றால், எங்கே என்பா. போய்விட்டது என்றால், ஏன் விட்டீர்கள் என்பா. கையெழுத்துப் போட்ட பாரத்தின் கதை வரும். நான் வருவேன். ஏழு பேருக்கு முன்னால் நான் சொன்னது இது: "அண்ணை செய்யாத கிண்ணமோ அக்கா! லண்டனிலை பாதிப் பேர் அதிலைதான் சாப்பிடினம்."

கூரை பறக்கச் சிரிப்பு. யோகக்காவும் சிரித்துவிட்டா. குலம் அண்ணையும் சிரித்தார்.

அதோடு அது ஒரு கதையாகிவிட்டது. அவர்கள் செவன் கிங்ஸில் வீடு வாங்கிப் போனார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், கதையும் கூடவே வளர்ந்தது. குழாய் திருத்துகிறேன் என்று அண்ணை சொன்னால், "கிண்ணம் செய்த மாதிரியோ?" என்பா யோகக்கா. பஸ் வராவிட்டால்கூட அவர்களுடைய மகள் இங்கிலிஷில் 'அப்பாவின் கிண்ணம்' என்று தோளைக் குலுக்குவாள். அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. மரம் மட்டும் பிறகு தொடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம் மாரடைப்பில் போனார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'இல்லாத கிண்ணத்தைச் செய்த அண்ணை.' படத்தோடு அச்சடித்து நூற்றைம்பது வீட்டுக்குக் கொடுத்தார்கள். நல்லாய் எழுதியிருக்கிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் வந்து நின்ற இடம் அந்தக் கண்ணாடிக் கட்டடம்தான், அதற்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். கவுன்சில் வேலை எனக்குக் கற்றுத்தந்த அத்தனை மரியாதையான வசைகளும் அதில் இருந்தன. பதில் வந்தது. என் கதையைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றியாம். அட்டையை மீள்பார்வைக்கு எடுப்பார்களாம். கிண்ணத்தைத் தர முடியாது, கையெழுத்திட்ட பாரம் இருக்கிறதாம், அத்தோடு அது கையாள முடியாத அளவுக்கு நொய்மையானதாம். மரக்கறித் தராசில் வாராவாரம் ஏறி இறங்கிய கிண்ணம்!

போன சனிக்கிழமை யோகக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் விட்டதும் குனிந்து பார்த்தா. கண்ணாடியில் கையை வைத்தா. காவலாளி தொட வேண்டாம் என்றான்.

"இதுதானோ?"

"ஓம் அக்கா."

"உந்தச் சிவப்பு என்ன?"

"நீங்கள் குடுத்துவிட்ட மிளகாய்த்தூள்."

"அதுதானே," என்றா. "ஒரு மாசத்திலை தூள் முடிஞ்சுதெண்டு எழுதினவர். வயித்துக்குக் கூடாது, கூடப் போட்டுச் சாப்பிடாதேங்கோ எண்டு நான் பேசி எழுதினனான்." பிறகு அட்டையை வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். செம்மண் வந்ததும் ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"அண்டைக்கு உன்னைத்தானே தம்பி நான் கேட்டனான்."

நான் அங்கேயே நின்று பாரத்தின் கதையைச் சொன்னேன். இரண்டாம் பக்கம், பஸ், எல்லாம். என்னைத் திட்டுவா என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னா: "இருவத்திரண்டு வருசம் என்னட்டைப் பொய்யன் எண்டு பேச்சு வாங்கினவர். ஒருக்காலும் உன்ரை பேர் சொல்லேல்லை."

ரயிலில் செவன் கிங்ஸ் வரை கூடப் போனேன். இறங்கும்போது, "அந்த மலரிலை உன்ரை பக்கத்தை மட்டும் திருப்பி அச்சடிக்க ஏலுமோ?" என்று கேட்டா.

ஏலாது. நூற்றைம்பது வீட்டில் இருக்கிறது அது. ஸ்ட்ரெதமில் அந்த மரம் நின்ற இடத்தில் இப்போது காருக்கு மின்சாரம் ஏற்றும் கம்பம். தேவாலய மண்டபம் பால்கனி வைத்த வீடுகளாகிவிட்டது, நிலவறையில் சைக்கிள்கள் நிற்கின்றன. கென் இல்லை. அண்ணை இல்லை. அட்டையில் செம்மண் இன்னும் இருக்கிறது, நேற்றும் மின்னஞ்சல் எழுதினேன், அதை எடுக்கும்வரை எழுதுவேன். ஆனால் அவர்களுடைய பொய்யை எடுத்தாலும் என்னுடையது மிச்சம். அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதினேன். புட்டுக் கை காயாமல் ஏழு பேருக்கு முன்னால் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

ஓம் அக்கா, இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னது நான்.